ஸ்டிக்கர் மேல் பழி போடாதீர்கள்

ஃபுல் சைஸ் பிக்கப் (பின்னால் திறந்த சரக்குத் தொட்டி உள்ள பெரிய வண்டி) கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மைலேஜ் ஸ்டிக்கர் சுத்தப் பொய் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. டெக்சாஸில் நான் ஓட்டுவது 3.5 லிட்டர் டர்போ எஞ்சின் பிக்கப், ஃபோர் வீல் டிரைவ். ஸ்டிக்கரில் கேலனுக்கு ஊருக்குள் 18 மைல், நெடுஞ்சாலையில் 23. ஸ்டிக்கர் எண் சோதனையில் கிடைப்பது; அந்த நெடுஞ்சாலைச் சோதனையின் அடிப்படை ஓட்டத்தில் சராசரி வேகம் மணிக்கு 48 மைல்தான், உச்சம் 60. (2008 முதல் 80 மைல் வரை போகும் இன்னொரு சோதனையும் கணக்கில் சேர்கிறது.) நாமோ ஐ-10 நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக 80 மைல் வேகத்திலேயே போகிறோம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். சுவர் மாதிரி நிற்கும் பிக்கப்பின் முகப்பை அது சும்மா விடுமா?

க்ளவ் பாக்ஸில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். டேங்க் நிரப்பும்போதெல்லாம் மைலும் கேலனும் எழுதிவிடுவேன். 65 மைல் வேகத்தில் போன நாள் கேலனுக்கு 22 மைல் கிடைத்தது, 80இல் 17. கேம்பர் டிரெய்லரை (பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீடு) இழுத்தால் 9, அதாவது லிட்டருக்கு 4 கிலோமீட்டர்கூட இல்லை. சமதளத்தில் டிரெய்லரின் எடையைவிட அதன் உயரம்தான் பெட்ரோலைக் குடிக்கிறது. டேஷ்போர்டு காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். என் வண்டியில் ஒரு மைலாவது கூட்டித்தான் காட்டுகிறது.

ஊருக்குள்ளேயே அதிகம் ஓட்டுபவர்கள் பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் உள்ள ஹைபிரிடைப் பாருங்கள். 2021 ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் ஹைபிரிட் ஃபோர் வீல் டிரைவுக்கு ஊருக்குள்ளும் 24, நெடுஞ்சாலையிலும் 24. பிரேக் போடும்போது வீணாகும் சக்தி பேட்டரிக்குத் திரும்புவது சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் இடத்தில்தான்.