உங்கள் ஈறுகளின் ஆழத்தை யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா?

சென்ற ஆண்டு ஒரு பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தேன். அவர் மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெதுவாக இறக்கி, “மூன்று, இரண்டு, மூன்று… நான்கு, மூன்று, ஆறு…” என்று சொல்லிக்கொண்டே போக, பக்கத்தில் நின்ற உதவியாளர் அந்த எண்களை ஓர் அட்டையில் குறித்துக்கொண்டிருந்தார். பல்லுக்கு 6 இடங்கள் என்ற கணக்கில் என் 28 பற்களுக்கும் சேர்த்து 168 எண்கள். கடைவாய்ப் பக்கம் போகப் போக ஐந்தும் ஆறும் அடிக்கடி காதில் விழுந்தன. கீழ்வரிசையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்றின் பின்புறத்தில் ஏழு என்றார். எனக்கு வலி இல்லை, எந்தப் பல்லும் ஆடவில்லை, ஒரு பல்லில்கூடச் சொத்தை கிடையாது. சொத்தை இல்லாவிட்டால் வாய் நலமாக இருக்கிறது என்று பொருள் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன்.

அந்த எண்களின் பொருளை அன்றுதான் தெரிந்துகொண்டேன். நலமான ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை ஆழமுள்ள சிறு பள்ளம் இயல்பாகவே இருக்கும். அது 4 அல்லது அதற்கு மேல் போய், கம்பி பட்டதும் இரத்தமும் கசிந்தால், பல்லைப் பிடித்திருக்கும் திசு வேரிலிருந்து பிரியத் தொடங்கிவிட்டதா என்று பார்த்தாக வேண்டும். எக்ஸ்ரே படத்தில், ஏழு என்று அளந்த அந்தப் பல்லுக்கு அருகில் தாடை எலும்பின் விளிம்பு, அடுத்த பல்லின் பக்கத்தில் இருப்பதைவிடக் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி கீழே இறங்கியிருந்தது. இறங்கிய எலும்பு தானாக வளர்ந்து மேலே வராது.

ஈறில் இரத்தம் வந்ததை நான் பார்க்காமல் இல்லை. காலையில் பல் துலக்கிவிட்டுத் துப்பும் நுரையில் இளஞ்சிவப்பு நிறம் பல ஆண்டுகளாகவே அவ்வப்போது தென்பட்டது. பிரஷ் அழுத்தமாகப் பட்டுவிட்டது என்று எண்ணி, அந்த இடத்தை மட்டும் லேசாகத் தொட்டுவிட்டு விலகிப் போகப் பழகிக்கொண்டேன். தொடாத இடத்தில் இரத்தமும் கண்ணுக்குப் படவில்லை என்பதால் சரியாகிவிட்டது என்றே எடுத்துக்கொண்டேன். இதைவிடப் பெரிய தவறு ஈறு நோயில் இல்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். இரத்தம் வரும் இடம் என்பது பெரும்பாலும் பாக்டீரியாப் படலம் சேர்ந்து ஈறு வீங்கியிருக்கும் இடம். அந்த இடத்துக்குத்தான் மென்மையான பிரஷ் கூடுதல் கவனத்தோடு போக வேண்டும். முறையாகச் சுத்தம் செய்யத் தொடங்கினால் முதல் சில நாட்கள் இரத்தம் வந்துவிட்டு, ஒன்றிரண்டு வாரங்களில் குறைந்துவிடும். அப்படிக் குறையவில்லை என்றால் நோய் பிரஷ் எட்டாத ஆழத்துக்குப் போயிருக்கக்கூடும். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இது வெறும் அனுபவக் கருத்தன்று. 1965இல் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் டென்மார்க்கில் ஈறு நலமாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை முழுவதுமாக நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் 12 பேருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. ஈறு நோயின் முதல் கட்டம் முற்றிலும் குணமாகக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அந்தக் கட்டத்தில் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகிறது? பல்லின் மேல் எப்போதும் படியும் பாக்டீரியாப் படலம், அகற்றப்படாத இடங்களில் உமிழ்நீரில் உள்ள தாதுக்களை வாங்கிக் கெட்டியாகிக் காரையாகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய் திறக்கும் இடங்களான கீழ் முன்பற்களின் உட்புறத்திலும், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும் அது அதிகமாகப் படிகிறது. நாக்கின் நுனியால் கீழ் முன்பற்களின் பின்புறத்தைத் தடவிப் பார்த்தால் பலரும் அந்தச் சொரசொரப்பை உணரலாம். காரையை எந்த பிரஷாலும் தேய்த்து எடுக்க முடியாது. அதன் சொரசொரப்பில் புதிய படலம் வசதியாகத் தங்கிக்கொள்கிறது. பாக்டீரியா நேரடியாக எலும்பைத் தின்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவற்றை எதிர்த்து உடல் நடத்தும் நீண்ட போராட்டமே பல்லைத் தாங்கும் நார்களையும் எலும்பையும் சிறுகச் சிறுகக் கரைக்கிறது. பல ஆண்டுகள் நடக்கும் இந்த அழிவில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. சீழ்க்கட்டி வைத்தாலோ, பல் ஆடத் தொடங்கினாலோதான் வலி தெரியும். அப்போது இழந்தது ஏராளமாக இருக்கும்.

ஆகவே வலியை எதிர்பார்க்காமல் வேறு அடையாளங்களைப் பார்க்க வேண்டும். ஈறு இளஞ்சிவப்பாக இல்லாமல் கருஞ்சிவப்பாக உப்பியிருப்பது, துலக்கிய பிறகும் மாறாத வாய்நாற்றம், ஈறு இறங்கிப் பற்கள் நீண்டதுபோல் தெரிவது, நெருக்கமாக இருந்த முன்பற்களுக்கு நடுவில் புதிதாக இடைவெளி விழுவது, கடிக்கும்போது பற்கள் முன்புபோல் பொருந்தாதது ஆகியவை எல்லாம் ஈறு நோயின் அறிகுறிகள். புகைபிடிப்பவர்கள் இன்னும் கூடுதலாக விழிப்புடன் இருக்க வேண்டும். புகையிலை ஈறின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இரத்தக் கசிவு என்ற எச்சரிக்கையையே மறைத்துவிடுகிறது. ஈறு வெளிறி, உறுதியாக, நலமாக இருப்பதுபோல் தோன்றும், அடியில் எலும்பு கரைந்துகொண்டிருக்கும். மாறாக, ஈறு திடீரென்று பெரிதாக வீங்கி, காய்ச்சலும் மிகுந்த சோர்வும் உடலில் காரணமில்லாத இரத்தக்கட்டுகளும் சேர்ந்து வந்தால் அது ஈறு நோயாக இல்லாமல் இரத்தத்தைச் சார்ந்த நோயாகவும் இருக்கலாம். உடனே பொது மருத்துவரைப் பார்த்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

எல்லோருக்கும் இந்த நோய் ஒரே வேகத்தில் முற்றுவதில்லை. அதே ஹரால்ட் லோவின் குழு இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்களை 1970 முதல் 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு நோய் மிக வேகமாக முற்றியது. 81 விழுக்காட்டினருக்கு மிதமாகப் போனது. 11 விழுக்காட்டினருக்கு ஈறு அழற்சியைத் தாண்டவே இல்லை. அவர்கள் பல் துலக்கும் பழக்கமும் பல் மருத்துவ வசதியும் இல்லாமல் இருந்தவர்கள் என்பதாலேயே நோயின் இயல்பான போக்கை அறிய அந்த ஆய்வு பயன்பட்டது. அந்த அறிவின் பின்னால் அந்தத் தொழிலாளர்களின் பற்கள் இருக்கின்றன என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. “எனக்குத் தெரிந்த ஒருவர் ஒழுங்காகப் பல்லே துலக்குவதில்லை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று சொல்பவர்கள் அந்த 11 விழுக்காட்டில் ஒருவரைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள்.

நீரிழிவு உள்ளவர்களிடம் இந்த நோய் இரு வழியாகவும் வேலை செய்கிறது. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு நோய் தீவிரமாகிறது. ஈறு நோய் தீவிரமானால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது. ஈறுகளுக்குச் சிகிச்சை அளித்த மூன்று நான்கு மாதங்களில், கடந்த சில மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சராசரியாக 0.4 விழுக்காட்டுப் புள்ளி குறைந்ததை ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. கர்ப்ப காலத்திலும் ஈறுகள் எளிதில் வீங்கும். அந்தக் காலத்தில் பல்லைச் சுத்தம் செய்துகொள்வதில் ஆபத்து இல்லை. வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிட்டாயின், இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் அம்லோடிபின் போன்ற சில மருந்துகள் ஈறை வளரச் செய்யலாம். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இனி, நான் மிகுந்த வருத்தத்தோடு எழுத நினைத்த செய்திக்கு வருகிறேன். “க்ளீனிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும், எனாமல் தேய்ந்துவிடும்” என்ற பேச்சு என் உறவினர்கள் பலரைச் சிகிச்சையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. என் பெரியம்மா இந்தப் பயத்தாலேயே மருத்துவரிடம் போகாமலிருந்து, அறுபது வயதுக்குள் முன்பற்களை ஒவ்வொன்றாக இழந்தார். இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பதை நான் புரிந்துகொள்கிறேன். எலும்பு கரைந்த இடத்தில் காரை நிரம்பி, பற்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்ததுபோல் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரியவருகிறது. ஏற்கெனவே இருந்த இடைவெளியும் தெரியவருகிறது. வீங்கிய ஈறு வற்றுவதால் வேரின் மேல்பகுதி வெளியே தெரிந்து, சில வாரங்களுக்குக் குளிர்ந்த நீர் பட்டால் கூசும். இவையெல்லாம் நோய் செய்த சேதம். சிகிச்சை அதை வெளியே காட்டியது, அவ்வளவுதான். அழற்சி வடிந்தபின், சற்றே ஆடிக்கொண்டிருந்த பற்கள் இறுகுவதும் உண்டு.

எனக்கு மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரின் மேலிருந்த காரையையும் படலத்தையும் இரண்டு வருகைகளில் எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தபோது பெரும்பாலான ஐந்துகள் மூன்றாகியிருந்தன, ஆறுகள் நான்காகியிருந்தன, அந்த ஏழு ஐந்தாகியிருந்தது. அப்படிக் குறையாமல் ஆழமாகவே நிற்கும் இடங்களில் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சையும், சில வகைக் குழிகளில் எலும்புத் துகள் நிரப்புவதும் பயன்படுகின்றன.

ஆன்டிபயாட்டிக் மாத்திரை மட்டும் போட்டு இதைத் தீர்த்துவிட முடியாதா என்று நானும் கேட்டேன். முடியாது. 1680களில் தன் நுண்ணோக்கியில் பல்லழுக்கைப் பார்த்த டச்சு ஆய்வாளர் லேவன்ஹுக், வினிகரால் வாய் கொப்பளித்தாலும் அழுக்கின் மேற்புறத்தில் இருந்த உயிர்கள் மட்டுமே இறந்தன, உள்ளே இருந்தவை பிழைத்துக்கொண்டன என்று அப்போதே எழுதினார். படலத்தைக் கலைக்காமல் எந்த மருந்தும் உள்ளே போய் முழுமையாக வேலை செய்வதில்லை. குளோர்ஹெக்சிடின் கலந்த மவுத்வாஷ் சில வாரங்களுக்கு உதவும். நீண்ட நாள் பயன்படுத்தினால் பற்களில் பழுப்புக் கறை ஏறும், சுவையும் மாறும்.

வீட்டில் செய்ய வேண்டியதில் நான் கற்றுக்கொண்டது முக்கியமாக இரண்டு. பிரஷின் இழைகள் பல்லும் ஈறும் சேரும் கோட்டை நோக்கி 45 பாகை சாய்ந்திருக்க வேண்டும். அழுத்தித் தேய்க்காமல் அந்தக் கோட்டிலேயே சிறிதாக அசைக்க வேண்டும். இரண்டாவது, பல் இடுக்குகள். பிரஷ் அங்கே போவதே இல்லை, ஈறு நோயோ பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. நெருக்கமான இடுக்குகளுக்கு ஃப்ளாஸ் நூலும், இடைவெளி உள்ள இடங்களுக்குச் சிறு இன்டர்டென்டல் பிரஷும் ஏற்றவை. எந்த இடுக்குக்கு எந்த அளவு பிரஷ் என்பதை மருத்துவரே வாயில் நுழைத்துக் காட்டினால்தான் சரியாக அமையும். இரவில் இதற்கு எனக்கு ஐந்து நிமிடம் ஆகிறது.

கடைசியாக ஒரு மனத்தாங்கல். அதற்கு முன் நான் நான்கு ஆண்டுகள் வேறொரு மருத்துவமனைக்குப் போய் ஆண்டுக்கொரு முறை சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன். ஒருமுறைகூட அங்கே யாரும் கம்பியை எடுத்து அளக்கவில்லை. மேலே தெரிந்த காரையை எடுத்துவிட்டு அனுப்பினார்கள். வாயை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மிக மோசமான இடத்தை மட்டும் குறிக்கும் சுருக்கமான சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். அடுத்த முறை பல் மருத்துவரிடம் போகும்போது, எந்தப் பல்லுக்காகப் போனாலும், “என் ஈறுகளின் ஆழத்தை அளந்து சொல்லுங்கள்” என்று கேளுங்கள். குறித்த அட்டையின் நகலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் மாறினாலும் அந்த எண்கள் உங்களோடு இருக்கும். என்னுடைய இரண்டு அட்டைகளும் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. ஐந்தில் நிற்கும் அந்தக் கடைவாய்ப் பல்லை வரும் மாதம் மறுபடி அளக்கிறார்கள்.