பிரசவத் தேதிக்கு நோட்டு இருக்கிறது, டயாலிசிஸுக்கு இல்லை

2023 டிசம்பர் 14, வியாழக்கிழமை. அப்பாவுக்கு டயாலிசிஸ் முடித்துக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து ஏரலுக்குத் திரும்பினோம். வாரத்துக்கு இரண்டு முறை, திங்களும் வியாழனும். அடுத்த திங்கள்கிழமை விடிந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

17ஆம் தேதி ஞாயிறு பிடித்த மழை மறுநாள் காலை வரை நிற்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. எங்கள் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையைவிட அது அதிகம். தாமிரபரணி கரையை மீறி வந்தது, குளங்கள் உடைந்தன, ரோடு அறுத்துக்கொண்டு போனது. கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயிலே நூற்றுக்கணக்கான பயணிகளோடு நடுவழியில் நின்றதை ஊரெல்லாம் டிவியில் பார்த்திருக்கிறது. எங்களுக்குத்தான் அது தெரியாது.

டயாலிசிஸ் நோயாளி வீட்டில் இருப்பவர்களுக்கு இது புரியும். சிறுநீர் போகாத உடம்பில் குடிக்கிற தண்ணீர் அப்படியே தங்கும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறிவிடும். அம்மா ஒரு டம்ளரை எடுத்து வைத்துக்கொண்டு அப்பாவுக்கு அளந்து அளந்து கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை மாடிக்கு வந்த நிவாரணப் பொட்டலத்தில் இரண்டு வாழைப்பழம் இருந்தது. வாழைப்பழத்தில் அந்தப் பொட்டாசியம்தான் அதிகம். வாழைக்காட்டு ஊர்க்காரர், ஆசையாகக் கையை நீட்டினார். அம்மா ஒன்றும் சொல்லாமல் வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். புதன்கிழமை ராத்திரி அவரால் படுக்க முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். காலில் என் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். குழி விழுந்தது, நான் விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது.

வியாழன் காலையில் மீனவர்கள் படகோடு வந்தார்கள். படகு, அப்புறம் டிராக்டர், அப்புறம் ஒரு லாரி. எப்படியோ போய்ச் சேர்ந்தால், நாங்கள் வழக்கமாகப் போகும் சென்டரில் கீழ்த்தளம் முழுக்கச் சேறு. தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பிளான்ட் கீழ்த்தளத்தில்தான் இருந்ததாம். “திருநெல்வேலிக்குப் போங்க” என்றார்கள். திருநெல்வேலியும் அதே வெள்ளத்தில் கிடந்த ஊர்தான். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே தண்ணீரில் நின்றது. அங்கே இரண்டு ஆஸ்பத்திரி ஏறி இறங்கி, சாயங்காலம் அப்பாவை மெஷினில் போட்டபோது டிரை வெயிட்டைவிட, அதாவது தேங்கிய தண்ணீர் இல்லாமல் இருக்க வேண்டிய எடையைவிட, ஆறு கிலோ கூடியிருந்தார். பிழைத்துக்கொண்டார். அங்கே அப்பாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் தங்கச்சி இரண்டு நாளாக வீட்டுக்கே போகவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

இதை இன்றைக்கு எழுதக் காரணம் இருக்கிறது. பேரிடர் மருத்துவத் தயார்நிலை என்று பேச்சு வந்தாலே கூடுதல் படுக்கை, கூடுதல் ஆம்புலன்ஸ், ரத்த வங்கி என்றுதான் கணக்குப் போடுகிறோம். ரயில் விபத்துக்கும் கூட்ட நெரிசலுக்கும் அது சரி. ஒரே நேரத்தில் ஐம்பது பேர் அடிபட்டு வருவார்கள், யாருக்கு எவ்வளவு அவசரம் என்று சிவப்பு, மஞ்சள், பச்சையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெள்ளம் வேறு மாதிரி வேலை செய்கிறது. அடிபட்டவர்கள் குறைவு. நேற்று வரை மருந்திலும் மெஷினிலும் ஓடிக்கொண்டிருந்த உயிர்கள்தான் அதில் மாட்டிக்கொள்கின்றன. டயாலிசிஸ்காரர்கள், வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருப்பவர்கள், இன்சுலினை ஃபிரிட்ஜில் வைத்திருப்பவர்கள், கீமோ தேதி வந்தவர்கள். இவர்கள் மூன்றாம் நாளும் நான்காம் நாளும் மொத்தமாக வந்து நிற்பார்கள். அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குள்ளும் தண்ணீர் நிற்கும், டீசல் தீர்ந்திருக்கும், பாதி ஸ்டாஃப் தங்கள் வீட்டு மாடியில் சிக்கியிருப்பார்கள். 2015 டிசம்பரில் சென்னையில் ஜெனரேட்டர் மூழ்கி ஐசியுவில் உயிர்கள் போனபோதே இந்தப் பாடத்தைப் படித்திருக்க வேண்டும்.

இதற்கு எங்கோ போய் வழி தேட வேண்டியதில்லை. கர்ப்பிணிகள் விஷயத்தில் நம் மாநிலம் இதை எப்போதோ செய்துகாட்டிவிட்டது. எந்தத் தெருவில் யாருக்கு எந்த வாரம் பிரசவ டேட் என்று கிராம சுகாதார செவிலியரிடம் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு தாய்க்கும் பிக்மி நம்பர் என்கிற கர்ப்பப் பதிவு எண் இருக்கும். புயல் வருகிறது என்றால் டேட் நெருங்கியவர்களைத் தேடிப் போய் முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். வலி வந்த பிறகு ஹெலிகாப்டர் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல். என் மனைவியின் தங்கையை ஒரு புயலுக்கு முன்னால் அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த நர்ஸம்மா வீட்டு வாசலில் நின்று, “பையை எடுத்துட்டு வாம்மா, நாளைக்கு ஆட்டோ ஓடாது” என்று சொன்ன சொல் இன்னும் காதில் இருக்கிறது.

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அப்பாவுக்கும் கேட்கிறேன். சனிக்கிழமை ஒருவர் போன் செய்து, “அய்யா, மழை பலமா இருக்கும்போல, திங்கள்கிழமைக்குப் பதில் இன்னைக்கே வந்து பண்ணிட்டுப் போயிருங்க” என்று சொல்லியிருந்தால் போதும். இது நான் கற்பனையில் சொல்வதில்லை. 2012இல் அமெரிக்காவில் சாண்டி புயல் கரையைத் தொடும் முன்னால் நியூயார்க், நியூஜெர்சி பக்கம் பல சென்டர்களில் முன்கூட்டியே டயாலிசிஸ் செய்து அனுப்பினார்கள். அப்படிச் செய்துகொண்டவர்களில், அடுத்த ஒரு மாதத்தில் அவசர சிகிச்சைக்கு ஓடியவர்களும் இறந்தவர்களும் மற்றவர்களைவிடக் குறைவு என்று பின்னால் ஆய்விலேயே தெரிந்தது.

பட்டியலும் கையில்தான் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் போகும் ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் பெயர், ஊர், நாள் பதிவாகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையை வீடு தேடிக் கொடுக்கிறார்கள், வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளையும் கொடுக்கிறார்கள். அந்த ஊழியருக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். மழை எச்சரிக்கை வரும் அன்று இந்தப் பட்டியல்கள் கலெக்டர் ஆபீஸ் மேசையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அப்புறம் அந்த “திருநெல்வேலிக்குப் போங்க”. தூத்துக்குடிக்காரர்கள் திருநெல்வேலியை நம்புகிறார்கள், தென்காசிக்காரர்களும் திருநெல்வேலியைத்தான் நம்புகிறார்கள். அந்த ராத்திரி திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி நான்கு மாவட்டமும் ஒன்றாக அடிவாங்கின. இரண்டு வாரம் முன்னால்தான் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியிருந்தது. மாவட்டம் மாவட்டமாகத் தனித்தனியாகத் திட்டம் எழுதினால் இப்படித்தான் எல்லோரும் ஒரே கதவைத் தட்டுவோம். மதுரை வரைக்கும் சேர்த்து ஒரே திட்டமாகப் போட வேண்டும். எந்த சென்டரில் எத்தனை மெஷின் முதல் மாடியில் இருக்கிறது, எங்கே இரண்டு நாளைக்கு டீசல் இருக்கிறது, எந்த ரோடு முதலில் அறுபடும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். தண்ணீர்க் கணக்கும் அப்படித்தான். ஒருவருக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்யச் சுத்திகரித்த தண்ணீர் மட்டும் 120 லிட்டர் போல வேண்டும். பத்து மெஷின் மூன்று ஷிப்ட் ஓடினால் 3,600 லிட்டர். அதை வடித்தெடுக்க அதைவிடவும் அதிகம் வேண்டும். ஊரே வெள்ளத்தில் மிதக்கும் நாளில் அந்த லாரித் தண்ணீர் யார் பொறுப்பு என்று இன்று வரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

2024 டிசம்பரில் மறுபடியும் மழை. 12, 13 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. இந்த முறை நான் காத்திருக்கவில்லை. எச்சரிக்கையைப் பார்த்ததும் சென்டருக்குப் போன் போட்டு, கெஞ்சி, வியாழக்கிழமை முறையைப் புதனுக்கு மாற்றிக்கொண்டேன். அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டில் ஆழ்வார்திருநகரி அக்காவுக்கு. அவருக்கும் வியாழன்தான் முறை. புதன்கிழமை அந்தக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். அக்காவின் நம்பரை அதுவரை நான் வாங்கி வைத்திருக்கவில்லை. சென்டரில் கேட்டேன். “அவங்ககிட்ட போன் இல்லை சார், பக்கத்து வீட்டு நம்பர்தான் இருக்கு, அது எடுக்க மாட்டேங்குது” என்றார்கள்.