ஜெனீவாவில் இருப்பது நீதிமன்றம் அல்ல

திருகோணமலைக் கடற்கரையில் 2006 ஜனவரி 2 அன்று கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களுக்காக ஜெனீவா மனித உரிமை நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்று மேலே ஓர் அண்ணா எழுதியிருக்கிறார். அண்ணா, உங்கள் அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் ஜெனீவாவில் இருப்பது ஐ.நா. மனித உரிமைகள் பேரவை. 47 நாடுகள் கூடித் தீர்மானம் நிறைவேற்றும் இடம் அது. நீதிபதிகள் கிடையாது, தீர்ப்பும் கிடையாது. நொந்துபோன குடும்பங்களுக்கு இல்லாத வழக்கைக் காட்டி ஆசையூட்ட வேண்டாம்.

ஆசியாவுக்கென்று அப்படியொரு நீதிமன்றமே இல்லை, அதுதான் பெரிய குறை. லத்தீன் அமெரிக்காவில் இருக்கிறது. இராணுவ ஆட்சியிலிருந்து மீண்டுகொண்டிருந்த ஹொண்டுராஸ், காணாமல் ஆக்கப்பட்ட ஒரு மாணவருக்குப் பொறுப்பு என்று 1988இல் அங்கே தீர்ப்பானது.

சந்தேகம் என்றால் பேரவையின் இணையதளத்தில் உறுப்பினர் பட்டியலைத் திறந்து பாருங்கள்: முழுக்க நாடுகளின் பெயர்கள்தான்.