நாமினி வேற, வாரிசு வேறங்க

ஒரே பாலினத் திருமணம் பெருநகரத்துக்காரங்க பிரச்சினைன்னு உங்க கட்டுரையில எழுதியிருக்கீங்க. எங்க திருப்பூர் லைன் வீட்டுக்கு வந்து பாருங்க. பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு பேரும் பனியன் கம்பெனி டைலருங்க, பதினோரு வருசமா ஒண்ணாத்தான் பொழைக்கிறாங்க. போன மாசம் ஒருத்தருக்கு ஆபரேசன். படிவத்துல ‘உறவுமுறை’ங்கிற இடத்துல பேனாவை வெச்சுட்டு இன்னொரு அக்கா அப்படியே நின்னுட்டாங்க. ஆபரேசன் ஆன அக்காவோட பேச்சுவார்த்தையே இல்லாத அவங்க அண்ணன் தாராபுரத்துல இருந்து வந்துதான் கையெழுத்துப் போட்டாரு.

2023 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் இவங்க மாதிரி ஜோடிகளுக்குத் திருமண உரிமை தரலை. 2024 ஆகஸ்ட்ல கூட்டு வங்கிக் கணக்கு, நாமினி போடலாம்னு நிதி அமைச்சகம் சொல்லுச்சு, நல்லதுதானுங்க. ஆனா நாமினின்னா கணக்குல இருக்கற பணத்தை வாங்கிக்கப் பேர் குறிச்சவர், அவ்வளவுதான்; அதனால மட்டும் வாரிசு ஆக முடியாதே! தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐ-லயும் குடும்பம்னு சேர்க்க வழியில்லை. ரெண்டு பேரும் சீட்டுக் கட்டிச் சேர்த்த ரெண்டு சென்ட் இடம் ஆபரேசன் ஆன அக்கா பேர்லதான் இருக்கு. நாளைக்கு அவங்களுக்கு ஏதாவது ஆகி, அந்த அண்ணன் வந்து கேட்டா இன்னொரு அக்கா எங்கீங்க போவாங்க?