கொடிக்கம்பத்தில் லிஃப்ட் வைத்தது யாருக்காக?

ஞாயிற்றுக்கிழமை 'ட்ரையம்ஃப் ஆஃப் தி வில்' திரையிடலைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஹிட்லரின் நாஜிக் கட்சி மாநாட்டை வைத்து ஜெர்மன் பெண் இயக்குநர் லெனி ரீஃபென்ஸ்டால் எடுத்த படம் அது. அங்கே நடந்த கேள்வி-பதில் வீடியோவை ஆளாளுக்குப் பகிர்ந்து, கீழே என் பெயரையும் இழுத்துவிட்டு, 'சினிமா மொழி தெரியாதவர்' என்று பட்டமும் கொடுத்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

பார்க்க வந்த ஒரு பெண் கேட்டது ரொம்பச் சாதாரணமான கேள்வி. "இதையெல்லாம் எடுக்க அவங்களுக்கு இடமும் வசதியும் யார் சார் கொடுத்தது?" மேடையில் இருந்தவர் சொன்ன பதில்: "அரசியலை செருப்போட வாசல்ல விட்டுட்டு வந்து படத்தைப் பாரும்மா." அரங்கமே சிரித்தது. கை தட்டியவர்களில் நான் மதிக்கிற இரண்டு பேர் இருந்தார்கள்.

'ட்ரையம்ஃப் ஆஃப் தி வில்' படத்தில் செருப்பைக் கழற்றி வைக்கிற வாசலே கிடையாது சார். அங்கே டெக்னிக்தான் அரசியல்.

ரீஃபென்ஸ்டால் 1933 நியூரம்பெர்க் நாஜி மாநாட்டை ஏற்கெனவே ஒரு படமாக எடுத்திருந்தார். அதில் ஹிட்லருக்குப் பக்கத்திலேயே, கட்சியின் எஸ்.ஏ. படைக்குத் தலைவராக இருந்த எர்ன்ஸ்ட் ரோம் நிற்பார். 1934 ஜூன் 30-இல் ஹிட்லர் தொடங்கிய களையெடுப்பில் ரோமைக் கொன்றுவிட்டார்கள். செத்தவன் ஃப்ரேமில் இருக்கிறானே, என்ன செய்வது? அந்தப் படத்தையே புழக்கத்தில் இல்லாமல் ஆக்கினார்கள். அடுத்த இரண்டு மாதத்தில் புது மாநாடு, அதை வைத்துப் புதுப் படம், அதுதான் 'ட்ரையம்ஃப் ஆஃப் தி வில்'. இப்போது நீங்கள் சிலிர்க்கிற அந்த ஷாட்டை நினைத்துப் பாருங்கள். மைதானம் நிறையப் படை அணிவகுத்து நிற்க, நடுவில் அகலமான பாதையில் மூன்று பேர் மட்டும் நடந்து போகிறார்கள். ஹிட்லர், எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லர், மூன்றாவது ஆள் லுட்ஸே. ரோமின் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டவர். ஒரு கொலையை மெழுகி, கோலம் போட்டுக் காட்டுகிற ஷாட் அது. அதன் சமச்சீரை மட்டும் ரசி என்றால் எப்படி?

பின்னணியில் தெரிகிற கொடிக்கம்பத்தில் கேமராவுக்கென்று லிஃப்ட் பொருத்தியிருந்தார்கள். முப்பது கேமரா, 170-க்கும் மேல் ஆட்கள். மேடையை வடிவமைத்தவர் ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஸ்பீர். மாநாடு நடந்தது, ரீஃபென்ஸ்டால் போய்ப் படம் பிடித்தார் என்கிற கதையெல்லாம் வேண்டாம். கேமராவை மனதில் வைத்தே போட்ட பந்தல்.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. சினிமாவுக்கு வருவதற்கு முன் சில வருடம் அரசியல் கூட்டங்களுக்கு வீடியோ எடுத்தேன். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், கூப்பிட்டவர்கள் எல்லாருக்கும் எடுத்தேன். ஒரு மாவட்ட மாநாட்டில் மதியம் மூன்று மணிக்கே ஜிம்மி ஜிப் கேமரா கிரேன் போட்டு ரெடி. மைதானத்தில் பாதி நாற்காலி காலி. பொறுப்பாளர் ஒருவர் மானிட்டரை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, காலி சேர் தெரியக் கூடாது, தலைவர் ஏறும்போது லோ ஆங்கிள்ல வெச்சு வானம் தெரியணும்" என்றார். பின்வரிசையில் இருந்தவர்களை எழுப்பி கிரேனுக்கு முன்னால் நெருக்கி உட்கார வைத்தார்கள். அதில் ஒரு பாட்டி, "இங்க வெயிலடிக்குதே கண்ணு, அங்கயே இருந்துக்கிறேனே" என்றார். ஷாட் முடியும்வரை இருக்க வேண்டியதாயிற்று. எடிட்டில் பார்த்தால் கடல் மாதிரி கூட்டம். லோ ஆங்கிளுக்கு அரசியல் இல்லை என்று என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.

ஸ்பீர் தன் நினைவுக் குறிப்புகளில் ஒன்று எழுதியிருக்கிறார். மாநாட்டில் எடுத்த சில பேச்சுகள் கெட்டுப்போனதால், பெர்லின் ஸ்டூடியோவில் மேடையை செட் போட்டு மறுபடி எடுத்தார்களாம். கட்சியில் ஹிட்லருக்குத் துணையாக இருந்த ருடால்ஃப் ஹெஸ், ஹிட்லர் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துத் திரும்பி, விறைப்பாக நின்று, அதே உருக்கத்தோடு வரவேற்றாராம். அங்கே ஹிட்லரே இல்லை. ரீஃபென்ஸ்டால் கடைசிவரை சொன்னதோ, 'நான் எடுத்தது வெறும் ஆவணப்படம்.'

இனி வரப்போகிற கமெண்டுகள் எனக்குத் தெரியும்.

"அப்போ தடை பண்ணணுமா?" நான் எங்கே சொன்னேன்? நானே மூன்று முறை பார்த்திருக்கிறேன். திரையிடுங்கள், பாடம் நடத்துங்கள். கேள்வி கேட்டவளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

"ரீஃபென்ஸ்டால் நாஜிக் கட்சி உறுப்பினரே இல்லையே." ஆமாம், இல்லை. உறுப்பினர் அட்டை இல்லாமலேயே ஹிட்லர் நேரடியாகக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். கெட்டிக்காரி.

"ஐசன்ஸ்டைனை மட்டும் தூக்கி வைச்சுக் கொண்டாடுறீங்களே தோழர்?" இதைத்தான் எதிர்பார்த்தேன். அந்த ரஷ்ய இயக்குநரும் சோவியத் அரசுக்குப் படம் எடுத்தவர்தான், யார் இல்லை என்றது? ஆனால் அவருடைய 'பெஜின் புல்வெளி'யை 1937-இல் பாதியில் நிறுத்தினார்கள். 'இவான் தி டெரிபிள்' இரண்டாம் பாகத்தை 1946-இல் தடை செய்தார்கள். அது வெளிவந்தது 1958-இல், அவர் செத்துப் பத்து வருடம் கழித்து. ரோம் தெரிந்த அந்த ஒரு படத்தை விட்டால், ரீஃபென்ஸ்டாலுக்கு அவருடைய எஜமானர்கள் எந்தப் படத்தைத் தடை செய்தார்கள்? இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. சரி, பேச்சு இருக்கிறது, இன்றைக்கு இல்லை.

போர்க்காலத்தில் ரீஃபென்ஸ்டால் எடுத்த 'டீஃப்லாண்ட்' பற்றி மேடையில் ஒரு வார்த்தை வந்ததா? ஸ்பெயினில் நடக்கிற கதை. ஸ்பானியர் மாதிரி முகம் வேண்டும். சால்ஸ்பர்க் பக்கம் மாக்ஸ்கிளான் தடுப்பு முகாமிலிருந்தும், பெர்லின் மார்ட்ஸான் முகாமிலிருந்தும் ரோமா, சிந்தி மக்களை (நாம் ஜிப்ஸி என்கிறோமே, அவர்கள்) குழந்தைகளோடு துணை நடிகர்களாகக் கொண்டுவந்தார்கள். கையில் கூலி கிடையாது. பிறகு அவர்களில் பலரை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். 2002-இல், நூறு வயதை நெருங்கும்போது, இந்த அம்மா சொன்னார்: போருக்குப் பிறகு அவர்கள் எல்லாரையும் பார்த்தேன், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று. வழக்கு என்றதும் வாபஸ் வாங்கினார். இந்தப் படத்துக்கும் லைட்டிங் பிரமாதம்தான். அதையும் ரசிப்போமா?

எனக்கு இதைவிடப் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு, சின்ன விஷயம்தான். ரீஃபென்ஸ்டால் இயக்கிய முதல் படம் 'தி ப்ளூ லைட்', 1932. அதன் திரைக்கதையை எழுதுவதில் கூட இருந்தவர் பேலா பலாஷ், ஹங்கேரிய யூதர், இடதுசாரி, சினிமா கோட்பாட்டில் பெரிய ஆள். சம்பளப் பாக்கியைக் கேட்டார். அதற்கு ரீஃபென்ஸ்டால் செய்தது, 'யூதன் பேலா பலாஷ்' என் மேல் கோருகிற பாக்கி விவகாரத்தைக் கவனிக்கும் அதிகாரத்தை யூலியுஸ் ஸ்ட்ரைஷருக்குக் கொடுக்கிறேன் என்று ஹோட்டல் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டதுதான். ஸ்ட்ரைஷர் யார்? யூத வெறுப்பை மட்டுமே அச்சடித்த நாஜிப் பத்திரிகையின் முதலாளி. 1938-இல் படத்தை மறுபடி வெளியிட்டபோது டைட்டிலில் பலாஷ் பெயரே இல்லை.

டைட்டிலில் பெயர் போடாமல் விடுவது என்றால் என்னவென்று உதவி இயக்குநராக இருந்தவனுக்குத்தான் தெரியும். ஒரு முழுப் படத்துக்கு உழைத்துவிட்டு, தியேட்டரில் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு என் பெயர் வரும் வரும் என்று பார்த்திருக்கிறேன். வரவில்லை. "வேகமா போயிடுச்சு போல, நான் கவனிக்கலப்பா" என்றாள். எனக்கு ஆனது ஒரு சம்பளம், ஒரு வரிப் பெயர். பலாஷ் விஷயத்தில் ஸ்ட்ரைஷரை அல்லவா ஏவிவிட்டார்! 'கலைஞர்களுக்கு அரசியல் தெரியாது பாவம்' என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். பாக்கிப் பணத்தைக் கொடுக்காமல் இருக்க யாரிடம் போக வேண்டும் என்று மட்டும் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ஏழு மணிக்கு ஷூட்டிங், கிளம்பணும். திட்டுகிறவர்கள் திட்டி வையுங்கள், ராத்திரி வந்து படிக்கிறேன். அந்த ஹோட்டல் தாளைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு மட்டும்தான் பதில்.