நெய் ரோஸ்ட்டில் என்ன கிடக்கிறது?

சப்ளையர்: என்ன சார் கிடக்கிறது? முடியா?

வாடிக்கையாளர்: எந்த முடி?

சப்ளையர்: தோசைக்குள் தலையை விட்டுப் பார்க்கிறீர்களே. சத்தம் போடாமல் சொல்லுங்கள், வேறு மாற்றித் தருகிறேன்.

வாடிக்கையாளர்: ஒன்றும் இல்லை அண்ணே. போட்டோ எடுக்கிறேன்.

சப்ளையர்: அதுதான் சார் பயம். போன மாதம் ஒருவர் இப்படித்தான் எடுத்தார். எடுத்து, உணவுப் பாதுகாப்புத் துறைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து முதலாளி சாம்பாரை வடிகட்டி ஊற்றச் சொல்கிறார். பருப்பே விழ மாட்டேன் என்கிறது.

வாடிக்கையாளர்: நான் புகார் எல்லாம் போட மாட்டேன். ரோஸ்ட்டைக் கூம்பாக நிறுத்தியிருக்கிறீர்கள் இல்லையா, மேலே இருந்து எடுத்தால் வெறும் வட்டமாகத்தான் தெரியும். இலைச் சாப்பாடு என்றால் மேலே இருந்து எடுக்கலாம். இதற்கு மேஜை மட்டத்துக்குக் குனிய வேண்டும்.

சப்ளையர்: ஈயா?

வாடிக்கையாளர்: ஈ இல்லை அண்ணே!

(சட்டை நுனியால் போனைத் துடைக்கிறார்.)

சப்ளையர்: மேஜையைத் துடைக்கவில்லை என்று குத்திக் காட்டுகிறீர்களா?

வாடிக்கையாளர்: ஐயோ, லென்ஸைத் துடைக்கிறேன். விரல் எண்ணெய் பட்டிருந்தால் படம் மங்கலாக வரும். அது தெரியாமல் போன் பழசாகிவிட்டது என்று புதுசு வாங்குகிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? சரி, அந்த ட்யூப்லைட்டைக் கொஞ்சம் அணைக்கிறீர்களா?

சப்ளையர்: எதற்கு சார்?

வாடிக்கையாளர்: ஜன்னலில் வெயில் வெளிச்சம், தலைக்கு மேல் ட்யூப்லைட், கல்லாப் பக்கம் மஞ்சள் பல்பு. மூன்றும் கலந்தால் எது வெள்ளை என்று கேமராவுக்குக் குழப்பம் வந்துவிடும். தேங்காய்ச் சட்னி பச்சையாக விழும்.

சப்ளையர்: புதினாச் சட்னி என்று போட்டுக்கொள்ளுங்கள். லைட்டை அணைத்தால் பின்னால் இருபது பேர் வடையைத் தடவிப் பார்த்துச் சாப்பிட வேண்டும்.

வாடிக்கையாளர்: அப்படியென்றால் அந்த ஜன்னலோர மேஜைக்கு மாறிக்கொள்கிறேன்.

சப்ளையர்: அங்கே பெரியவர் இப்போதுதான் பொங்கலில் கை வைத்திருக்கிறார். அப்புறம் காபி வாங்கி ஆற்றுவார். நீங்கள் நாளைக்கு வாருங்கள்.

வாடிக்கையாளர்: சரி, இங்கேயே எடுக்கிறேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். நான் பின்னால் போய் 2 எக்ஸ் ஜூமில் எடுக்க வேண்டும். கிட்டே வைத்து எடுத்தால் முன்னால் இருக்கிற சட்னிக் கிண்ணம் அண்டா சைஸுக்குத் தெரியும்.

சப்ளையர்: அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அண்டாச் சட்னி கேட்டு வருகிறவர்களுக்கு யார் சார் பதில் சொல்வது?

வாடிக்கையாளர்: வெளிச்சம் கூடிவிட்டது. இருங்கள், தோசையைத் தொட்டுச் சூரியனைக் கீழே இழுக்கிறேன்.

சப்ளையர்: எதை?

வாடிக்கையாளர்: திரையில் அண்ணே. தோசையைத் தொட்டால் சின்னச் சூரியன் வரும். கீழே இழுத்தால் வெளிச்சம் குறையும்.

சப்ளையர்: நேரில் தொட்டிருந்தால் இந்நேரம் அது வயிற்றுக்குள் போயிருக்கும்.

வாடிக்கையாளர்: ஆவி மட்டும்தான் தெரியவில்லை. வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் அதுவும் அழகாக விழும்.

சப்ளையர்: சூடு போய்ப் பத்து நிமிடம் ஆகிவிட்டது சார். இனிமேல் ஆவி வந்தால், அது செத்துப்போன தோசையின் ஆவிதான்.

(கூம்பு மெல்லச் சாய்கிறது.)

வாடிக்கையாளர்: அடடா, உட்கார்ந்துவிட்டதே! அண்ணே, இன்னொன்று சுடச் சொல்லுங்கள்.

சப்ளையர்: இரண்டு ரோஸ்ட்டுக்கு பில் வரும்.

வாடிக்கையாளர்: உங்கள் கடைக்குத்தானே விளம்பரம்?

சப்ளையர்: சார், எதிரில் அம்மா சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு இட்லியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கை வைக்கப் போனபோது, "தொடாதேம்மா, ஃபிரேம் கலைந்துவிடும்" என்று சொன்னீர்களே, அதையும் சேர்த்து விளம்பரம் பண்ணுங்கள்.

வாடிக்கையாளர்: ஒரே நிமிடம்தான்...

சப்ளையர்: அம்மா, நீங்கள் சாப்பிடுங்கள். தட்டை இந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். சாம்பார் சூடாக ஊற்றுகிறேன்.

வாடிக்கையாளர்: அண்ணே, இட்லித் தட்டை எடுத்தால் படத்தில் அந்த இடம் ஓட்டையாகத் தெரியும்!

சப்ளையர்: மெதுவடை வைக்கிறேன் சார். அதில் ஓட்டை இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பில்லில் எழுதிவிடவா?