அழாத பிள்ளையையும் பாருங்கள்
அடம் பிடித்து அடிக்கிற பிள்ளைகளுக்குப் பெற்றோர் கொடுக்கும் செல்லம்தான் காரணம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. அம்மாவைப் பிரிந்திருக்கிற தவிப்பும் காரணமாக இருக்கலாம். தேனி மாவட்டம் கம்பம் ஊரில் எங்கள் தெருப் பெண்கள் விடியுமுன் ஜீப் ஏறி, குமுளிக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விட்டுப் பொழுது சாயத்தான் திரும்புகிறார்கள். பிள்ளைகள் அப்பத்தாவிடம். அம்மா வந்ததும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு அழுகிற பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலையில்லை, ஏறெடுத்தும் பார்க்காமல் விளையாடுகிறதே, அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். மேரி ஐன்ஸ்வர்த் என்ற உளவியலாளர் ஒரு வயதுக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, தாய் போனதும் அழுததைவிட, தாய் திரும்பி வந்ததும் குழந்தை எப்படி நடந்துகொண்டது என்பதைத்தான் முக்கியமாகப் பார்த்தார். தாய் வந்தும் ஏறெடுத்துப் பார்க்காமல் அமைதியாகத் தெரிந்த குழந்தைகளுக்கும் உள்ளே இதயத் துடிப்பு கூடியிருந்ததைப் பின்னால் வந்தவர்கள் அளந்து காட்டினார்கள். அப்பத்தாவிடம் பிள்ளைக்குப் பிடிப்பு இருந்தால்கூட பெரிய துணைதான். அந்த அப்பத்தாவுக்கும் உடம்பு முடியாமல் போகிற வீடுகளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.